விசைப்பலகையின் இலக்கணம்

கேரள மாநிலத்தில் கொச்சித் துறைமுகத்தை அடுத்துள்ள மட்டாஞ்சேரி, நெடுங்காலமாக மிளகு, ஏலம், இஞ்சி ஆகியவற்றின் வாணிகத்திற்குப் பெயர்பெற்ற இடமாகும். இங்குள்ள யூதத் தெருவில் 1957ஆம் ஆண்டு முதல் மிளகின் முன்பேர வாணிகம் முறையாக நடைபெற்று வந்தது. வணிகர்கள் ஓரிடத்தில் கூடி, விலையையும் அளவையும் உரக்கக் கூவி ஒப்பந்தம் செய்துகொண்டனர். சிறிது தாமதித்தாலும் விலை மாறிவிடும். ஆதலால் நீண்ட வாக்கியங்களுக்கு அங்கே இடமில்லை. கடல் கடந்த வாணிகத்திலும் இதே சிக்கனம் நிலவியது. தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்த காலத்தில், உலகெங்கும் வணிகர்கள் குறிமொழி நூல்களை உபயோகித்தனர். 1906ஆம் ஆண்டில் வெளிவந்த பெண்ட்லியின் குறிமொழி நூல், ஐந்தெழுத்துச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுத் தொடரைப் பொருளாக வகுத்துத் தந்தது.

2003ஆம் ஆண்டின் இறுதிக்குள் நாடு தழுவிய மின்னணுச் சரக்குச் சந்தைகள் பல தோன்றிவிட்டன. அதன்பின் மிளகின் விலையும் கூவலிலிருந்து கணினித் திரைக்கு மாறிற்று. அத்தகைய திரைகளை இயக்கும் நிரல்களை எழுதுவோரும் குறைந்த குறிகளால் நிறைந்த பொருளைத் தெரிவிக்கும் அதே முறையைக் கையாளுகின்றனர். வணிகர் குரலாலும் தந்தியாலும் செய்ததை இவர்கள் விரல்களால் செய்கின்றனர். விசைப்பலகையை மட்டுமே கொண்டு உரையைத் திருத்தும் இம்முறை எவ்வாறு தோன்றியது, அதனால் உண்மையில் விளையும் பயன் யாது, அதை மாணவர்க்குக் கற்பிப்பது எங்ஙனம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நிரலும் உரைத்திருத்தியும்

கணினிக்கு இடப்படும் ஆணைகளின் தொகுதியே நிரல் எனப்படும். நிரலை எழுதவும் மாற்றவும் உதவும் மென்பொருள் உரைத்திருத்தி, அதாவது எடிட்டர் ஆகும். கடிதம் எழுதுவோர் பெரும்பாலும் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே ஓட்டமாக எழுதிச் செல்கின்றனர். நிரல் எழுதுவோரின் வேலை அவ்வாறன்று. முன்னரே எழுதியதைப் படித்தல், ஒரு பெயரை மாற்றுதல், ஒரு வரியை வேறிடத்திற்கு நகர்த்துதல், தவற்றைத் தேடிக் கண்டுபிடித்தல் ஆகியவற்றிலேயே அவர்களுடைய நேரத்தின் பெரும்பகுதி கழிகிறது. எனவே, வேகமாகத் தட்டெழுதும் திறனைக் காட்டிலும், எழுதியதனூடே விரைவாகச் சென்று திருத்தும் திறனே அவர்களுக்கு மிகவும் வேண்டப்படுகிறது.

இத்திருத்தத்தை இரு வழிகளில் செய்யலாம். மௌஸ் என்னும் சுட்டெலியைக் கொண்டு திரையில் இடத்தைக் காட்டி, பட்டியலிலுள்ள கட்டளையைத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி. கையை விசைப்பலகையினின்று எடுக்காமல், குறிப்பிட்ட விசைகளை அழுத்தி அதே கட்டளையை இடுவது மற்றொரு வழி. இவ்விசைகளையே ஷார்ட்கட் அல்லது குறுக்குவிசை என்கிறோம்.

மந்தமான கம்பியில் பிறந்த முறை

குறுக்குவிசைகள் தோன்றியதற்கு வேகத்தின்மேல் கொண்ட ஆசை மட்டும் காரணமன்று. அக்காலத்துச் சாதனங்களின் வறுமையும் காரணமாகும். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் கென் தாம்ப்ஸன் இயற்றிய ‘எட்’ என்னும் உரைத்திருத்தி, திரையில்லாத தொலைதட்டச்சு யந்திரங்களுக்காக ஏற்பட்டது. காகிதத்தில் மெல்ல அச்சாகும் அந்த யந்திரத்தில் ஒவ்வோர் எழுத்தும் நேரத்தை விழுங்கியது. ஆகவே அதன் கட்டளைகள் பெரும்பாலும் ஓரெழுத்தால் அமைந்தன.

1976ஆம் ஆண்டில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவராயிருந்த பில் ஜாய், திரைக்கேற்ற ‘வி-ஐ’ என்னும் உரைத்திருத்தியை உருவாக்கலானார். அவர் தொலைபேசிக் கம்பி வழியே, விநாடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துகளே செல்லக்கூடிய இணைப்பில் வேலை செய்தார். 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளும் கொண்ட ஒரு திரையில் 1,920 எழுத்துகள் அடங்கும். அத்தகைய இணைப்பில் அதனை முழுவதும் மீண்டும் வரைய 64 விநாடிகள் ஆகும். இந்நிலையில் ஒரு தேவையற்ற அசைவும் ஒரு நிமிடத்தைக் கொள்ளைகொள்ளும். அவர் உபயோகித்த ஏ.டி.எம்.-3ஏ என்னும் முனையத்தில் தனி அம்புவிசைகள் இல்லை. ஹெச், ஜே, கே, எல் என்னும் நான்கு விசைகளின்மேல் அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. இன்றுவரை அவ்வுரைத்திருத்தியில் முறையே இடம், கீழ், மேல், வலம் செல்ல அந்நான்கு விசைகளே பயன்படுவதன் காரணம் இதுவே.

அதே 1976ஆம் ஆண்டில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் கை ஸ்டீலும் ‘ஈமாக்ஸ்’ என்னும் மற்றோர் உரைத்திருத்தியை உருவாக்கினர். இது கண்ட்ரோல் விசையுடன் பிற விசைகளைச் சேர்த்து அழுத்தும் வழக்கத்தை மேற்கொண்டது. அக்காலத்தை ஒட்டியே ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆராய்ச்சி மையத்தில் லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் ‘வெட்டி ஒட்டும்’ முறையை எல்லோர்க்கும் எளிதாக்கினர். 1991ஆம் ஆண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் வெளியிட்ட ‘விம்’, வி-ஐயின் வழியில் வளர்ந்ததாகும். 2023ஆம் ஆண்டில் தாம் காலமாகும் வரை அவர் அதனைப் பேணி வந்தார். சாதனங்கள் பலமுறை மாறியும் இக்கட்டளைகள் மாறவில்லை. ஒருமுறை கற்றவர்க்கு அக்கல்வி பல பத்தாண்டுகள் பயன்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

விநாடிக் கணக்கு

குறுக்குவிசையால் எவ்வளவு நேரம் மிச்சமாகும்? இதனைக் கணக்கிட ஒரு முறை உண்டு. 1980ஆம் ஆண்டில் ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் ஆகிய விஞ்ஞானிகள், கணினி முன் அமர்ந்தவரின் செயலைச் சிறுசிறு அசைவுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் சராசரி நேரத்தைத் தந்தனர். சாதாரணப் பழக்கமுள்ளவர் ஒரு விசையையோ பொத்தானையோ அழுத்த 0.28 விநாடி, கையை விசைப்பலகைக்கும் சுட்டெலிக்கும் இடையே மாற்ற 0.4 விநாடி; திரையில் ஓரிடத்தைச் சுட்ட 1.1 விநாடி, அடுத்து என்ன செய்வது என மனம் ஆயத்தமாக 1.35 விநாடி.

எழுதியதைச் சேமித்து வைக்கும் கட்டளையை எடுத்துக்கொள்வோம். சுட்டெலி வழியே செய்பவர் கையை மாற்றி, பட்டியலைச் சுட்டி, பொத்தானை அழுத்தி, கட்டளையைச் சுட்டி, மீண்டும் அழுத்தி, கையைத் திரும்பக் கொணர வேண்டும். இதற்கு ஆகும் நேரம் 3.56 விநாடி. கண்ட்ரோல் விசையையும் எஸ் விசையையும் அழுத்துபவர்க்கு 0.56 விநாடியே ஆகும். மிச்சம் சரியாக 3 விநாடிகள். ஒரு நாளில் இதனை 100 முறை செய்பவர்க்கு 5 நிமிடங்கள் மிச்சமாகின்றன.

ஐந்து நிமிடம் பெரிதன்று என்று ஒருவர் கூறலாம், அக்கூற்று நியாயமானதே. நிரல் எழுதுதல் முதன்மையாகச் சிந்தனை வேலை. விரல் வேகத்தால் மட்டும் ஒருவர் நல்ல நிரலாளர் ஆகிவிடுவதில்லை. உண்மையான இலாபம் வேறிடத்தில் உள்ளது. சுட்டெலியைத் தேடும்போது கண் வரியை விட்டு விலகுகிறது. பட்டியலைத் தேடும்போது மனம் கணக்கை விட்டு விலகுகிறது. ஐந்தாறு செய்திகளை ஒருசேர நினைவில் நிறுத்தித் தவற்றைத் தேடிக்கொண்டிருப்பவர்க்கு அச்சிறு விலகலே இழையை அறுத்துவிடக் கூடும். எழுதும்போது பேனாவைப் பற்றி நினையாதவாறு, திருத்தும்போது கருவியைப் பற்றி நினையாதிருத்தலே இப்பயிற்சியின் நோக்கமாகும்.

மேற்கூறிய கணக்கே மற்றோர் உண்மையையும் காட்டுகிறது. குறுக்குவிசை எது என்று நினைவுகூர மனம் இருமுறை தயங்கினால் 2.7 விநாடி போய்விடும். மிச்சமான 3 விநாடியும் ஏறக்குறையத் தீர்ந்துபோகும். எனவேதான் புதிதாகக் கற்பவர்க்குப் பழைய வழியே விரைவானதாகத் தோன்றுகிறது. 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மைக்ரோசாப்ட் வேர்டு மென்பொருளில் அனுபவம் மிக்க 251 பேரிடம் அவர்கள் கட்டளையிடும் முறை விசாரிக்கப்பட்டது. அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளுக்குங்கூட அவர்களுள் பெரும்பாலோர் படக்குறிகளையே நாடினர். அனுபவம் மட்டும் ஒருவரைக் குறுக்குவிசைக்கு இட்டுச் செல்வதில்லை. யாரேனும் கற்பிக்க வேண்டியிருக்கிறது.

உயிர்மெய்யை ஒத்த அமைப்பு

குறுக்குவிசைகளை நீண்ட பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வது தவறான முறையாகும். அவற்றுள் ஓர் இலக்கணம் உண்டு. தமிழாசிரியர்க்கு இதனை விளக்குவது எளிது. குழந்தை 12 உயிரையும் 18 மெய்யையும் அறிந்து, அவை சேரும் முறையையும் அறிந்துவிட்டால், 216 உயிர்மெய் எழுத்துகளின் ஒலியையும் தானே வருவித்துக்கொள்கிறது. குறுக்குவிசைகளும் இவ்வாறே சேர்க்கையால் பெருகுகின்றன.

முதலில் சாதாரண உரைத்திருத்திகளைப் பார்ப்போம். விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டிலும் வலது அம்புவிசை ஓர் எழுத்து முன்னேறச் செய்கிறது. அதனுடன் கண்ட்ரோல் சேர்ந்தால் ஒரு சொல் முன்னேறுகிறது. ஷிப்ட் சேர்ந்தால், கடந்து செல்லும் எழுத்து தேர்ந்தெடுக்கப்படுகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு முழுச்சொல் தேர்ந்தெடுக்கப்படுகிறது. ஹோம் விசை வரியின் தொடக்கத்திற்கும் எண்டு விசை வரியின் முடிவிற்கும் செல்பவை. அவற்றுடன் ஷிப்ட் சேர்ந்தால் அவ்விடம் வரையுள்ள பகுதி முழுதும் தேர்வாகிறது. கண்ட்ரோல் சேர்ந்தால் கோப்பின் தொடக்கமும் முடிவும் எட்டுகின்றன. ‘கண்ட்ரோல் எல்லையைப் பெருக்கும், ஷிப்ட் தேர்ந்தெடுக்கும்’ என்னும் இரு விதிகளால் பத்துக்கு மேற்பட்ட கட்டளைகள் கைவருகின்றன.

விம் உரைத்திருத்தியில் இவ்விலக்கணம் இன்னும் தெளிவாக உள்ளது. அதில் இரு நிலைகள் முக்கியமானவை: எழுதும் நிலை, கட்டளை நிலை. கட்டளை நிலையில் எழுத்து விசைகள் எழுத்தாக விழாமல் ஆணையாகின்றன. டி என்பது நீக்கு. ஸி என்பது மாற்று. ஒய் என்பது படியெடு. இவை வினைச்சொற்கள் போன்றவை. டபிள்யூ என்பது ஒரு சொல் அளவு. டாலர் குறி என்பது வரியின் முடிவு வரை. பெரிய ஜி என்பது கோப்பின் முடிவு வரை. இவை எல்லையைக் காட்டுபவை. டி, டபிள்யூ என அடுத்தடுத்து அழுத்தினால் ஒரு சொல் நீங்கும். டி, 3, டபிள்யூ என அழுத்தினால் மூன்று சொற்கள் நீங்கும். ஸி, ஐ, இரட்டை மேற்கோள்குறி என அழுத்தினால், மேற்கோள்களுக்கு உள்ளே இருப்பது மறைந்து புதிதாக எழுத இடம் கிடைக்கும். 3 வினைகளையும் 10 எல்லைகளையும் அறிந்தவர் நினைவில் வைப்பது 13 மட்டுமே. பெறுவதோ 30 கட்டளைகள். முற்றுப்புள்ளி விசை கடைசியாகச் செய்த மாற்றத்தை மீண்டும் செய்யும். யு விசை அதனை இல்லாததாக்கும்.

இவ்வுரைத்திருத்தியில் நுழைந்தவர் வெளியேறும் வழி தெரியாது திகைப்பது உலகெங்கும் காணப்படும் அனுபவமாகும். ஆகவே கதவைக் காட்டிவிட்டே உள்ளே அழைக்க வேண்டும். முதலில் எஸ்கேப் விசை, பின்பு முக்காற்புள்ளி, க்யூ, வியப்புக்குறி, இறுதியில் என்டர். இது மாற்றங்களைக் கைவிட்டு வெளியேறும் வழி. மாற்றங்களைச் சேமித்து வெளியேற, வியப்புக்குறியின்றி முக்காற்புள்ளி, டபிள்யூ, க்யூ என அழுத்த வேண்டும்.

பள்ளியில் இதன் பயன்

கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்விக்கென 2001ஆம் ஆண்டில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கப்பெற்றது. 2017ஆம் ஆண்டில் அது ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாயிற்று. அதன் வட்டார மையங்களுள் ஒன்று கொச்சியின் இடப்பள்ளியில் உள்ளது. இம்மாநிலப் பள்ளிகள் கட்டணமற்ற திறந்த மென்பொருளாகிய லினக்ஸ் இயக்க முறையைப் பின்பற்றுகின்றன. 8 முதல் 12 வரையுள்ள வகுப்புகளுக்கான 45,000 வகுப்பறைகளில் கணினிச் சாதனங்கள் அமைக்கும் திட்டமும் நிறைவேற்றப்பட்டது. 2018ஆம் ஆண்டில் ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் மன்றங்கள் தொடங்கப்பெற்று, நிரலாக்கம் முதலியவற்றில் பயிற்சி அளிக்கலாயின.

மட்டாஞ்சேரியைப் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் வாழும் குழந்தைகளுள் பலர்க்குப் பள்ளிக் கணினியே முதற்கணினி. ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போது ஒவ்வொருவர்க்கும் கிடைப்பது சில நிமிடங்களே. அந்நிமிடங்கள் பட்டியலைத் தேடுவதில் கழியாமல் நிரலைப் பற்றிச் சிந்திப்பதில் கழிய வேண்டும். சுட்டெலி பழுதுபட்ட கணினியும் இப்பயிற்சி பெற்ற மாணவர்க்குப் பயன்படும். மேலும் விம், ஈமாக்ஸ் முதலியவை விலையின்றிக் கிடைப்பவை. பழைய, வலிமை குறைந்த கணினிகளிலும் இயங்குபவை. பெரிய நிறுவனங்களில் நிரலாளர் கையாளும் அதே கருவியை ஏழை மாணவனும் கையாள முடிகிறது.

பார்வையற்றோர்க்கு இது வசதி மட்டுமன்று. ஒரே வழி எனலாம். திரையைக் காண இயலாதவர்க்குச் சுட்டெலியால் சுட்டுவது பொருளற்றது. திரையிலுள்ளதைக் குரலாகப் படிக்கும் மென்பொருளும் விசைப்பலகையுமே அவர்களுக்குக் கண்ணும் கையுமாகின்றன. பூனாவில் பிறந்து, 14ஆம் வயதில் பார்வையை இழந்த டி. வி. ராமன், பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் பின்னர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் பயின்று கணினி விஞ்ஞானி ஆனார். 1995ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘ஈமாக்ஸ்பீக்’, ஈமாக்ஸ் உரைத்திருத்தியைப் பேசும் உரைத்திருத்தியாக்கியது. இன்று லினக்ஸில் ‘ஓர்க்கா’வும், விண்டோஸில் ‘என்.வி.டி.ஏ.’வும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பைத்தான் மொழியில் வரியின் முன்னுள்ள இடைவெளியும் பொருளுடையது. அவ்விடைவெளியைக் குரலால் அறிவிக்கும் வசதி என்.வி.டி.ஏ.வில் உண்டு. வகுப்பு முழுவதற்கும் சுட்டெலி வழியை மட்டும் கற்பிக்கும் ஆசிரியர், தாம் அறியாமலேயே பார்வையற்ற மாணவனை வாயிலில் நிறுத்திவிடுகிறார். விசைப்பலகை வழியைக் கற்பிக்கும்போது எல்லோரும் ஒரே பாடத்தைப் பெறுகின்றனர்.

தமிழில் எழுதும்போது

தமிழ் உரையைத் திருத்துவோர் சில நுட்பங்களை அறிந்திருத்தல் நலம். 1999ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட ‘தமிழ்99’ விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கமும் அமைந்துள்ளன. மெய்க்குரிய விசையை அழுத்தி உயிரை அழுத்தினால் உயிர்மெய் உண்டாகும். இவ்விசைப்பலகை இயங்கும்போது விம்மின் கட்டளை நிலைக்குச் சென்றால், டி விசை ஆங்கில எழுத்தாக விழாமையால் கட்டளை நிறைவேறாது. கட்டளையிடுமுன் ஆங்கில விசைப்பலகைக்கு மாற வேண்டும்.

மற்றொன்று அழித்தலைப் பற்றியது. நம் கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தெரியும் ‘கோ’, கணினியின் நினைவில் ‘க’ என்னும் எழுத்தும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரு குறியீடுகளாக உள்ளது. பல உரைத்திருத்திகளில் பின்னழிப்பு விசையை ஒருமுறை அழுத்தினால் குறி மட்டும் நீங்கிக் ‘க’ எஞ்சும். இது பிழையன்று, உயிரை மட்டும் மாற்ற விரும்புவோர்க்கு உதவியே ஆகும்.

கற்பிக்கும் முறை

வாரத்திற்கு இரண்டு குறுக்குவிசைகளுக்கு மேல் கற்பிக்க வேண்டுவதில்லை. முதல் வாரத்தில் சேமித்தலும் செய்ததை மீட்டலும், அதாவது கண்ட்ரோலுடன் எஸ், ஸெட்; இரண்டாம் வாரத்தில் படியெடுத்தலும் ஒட்டலும், அதாவது ஸி, வி; மூன்றாம் வாரத்தில் வெட்டலும் தேடலும், அதாவது எக்ஸ், எப்; அதன்பின் அம்புவிசைகளுடன் கண்ட்ரோலும் ஷிப்டும் சேரும் விதிகள். இவை நன்கு பழகிய பின்னரே விம் போன்ற உரைத்திருத்திகளுக்குச் செல்லலாம். மீட்டல் கட்டளையை முதலிலேயே கற்பிப்பதற்குக் காரணம் உண்டு. தவறு செய்தாலும் திரும்ப வழியுண்டு என்று அறிந்த மாணவன் அச்சமின்றி முயலுவான்.

ஒவ்வொரு வகுப்பிலும் பத்து நிமிடம் சுட்டெலியை ஒதுக்கி வைத்துப் பழகச் செய்யலாம். தேர்வில் ‘இவ்விசை எதற்கு?’ என்று வினவுவதைவிட, பிழைகள் நிறைந்த ஒரு சிறு நிரலைக் கொடுத்துத் திருத்தச் சொல்வது சிறந்தது. இடக்கைச் சிறுவிரல் ஒன்றே கண்ட்ரோலை ஓயாது அழுத்தினால் வலி உண்டாகும். எழுத்தை ஒரு கையாலும் கண்ட்ரோலை மறு கையாலும் அழுத்தும் பழக்கம் அதனைத் தவிர்க்கும்.

கள ஊழியர்களுக்கும் இது பொருந்தும். கணக்கு அட்டவணைகளிலும் அறிக்கைகளிலும் இதே படியெடுத்தல், தேடல், மீட்டல் விசைகளே பெரும்பாலும் வழங்குகின்றன. வெயிலில் திரை மங்கித் தெரியும்போதும், மடிக்கணினியை முழங்காலில் வைத்து எழுதும்போதும், சுட்டும் வேலை குறைவது பெரிதும் உதவும். தாம் ஒரு நாளில் அடிக்கடி இடும் கட்டளை எது என்று கவனித்து, அதற்குரிய விசையை முதலில் கற்று, அது நினையாமலே விரலில் வரும் நிலை எய்திய பின் அடுத்ததற்குச் செல்வதே எளிய வழியாகும்.